எண்பதில் வரும் சத்தம்

9 நவம்பர் 2006

மழை விட்டிருந்தது. வண்டியை எடுத்தேன். விருத்தாசலம் ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால் நமக்குப் பல் உதிர்ந்துவிடும். உளுந்தூர்பேட்டை போய்த் திருச்சி ரோட்டைப் பிடித்தால்தான் அதற்கு மூச்சு வரும். எண்பதைத் தொட்டதும் ஒரு சத்தம். ஊம்ம்ம் என்று காலடியிலிருந்து. சீட்டே நடுங்குகிறது. எழுபதுக்கு இறக்கினால் போய்விடுகிறது. ஆயுத பூஜைக்கு முன்பு இந்தச் சத்தம் கிடையாது.

அப்பா வைத்திருந்த இங்கிலீஷ்காரன் கார். இரண்டே சீட்டு, துணிக்கூரை. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இதில்தான். புருஷன் வேண்டாம் என்று நான் திரும்பி வந்தபோது இந்த ஊரில் என்னிடம் கேள்வி கேட்காத ஒரே ஜீவன் இதுதான்.

10 நவம்பர்

அண்ணனிடம் வாயைவிட்டேன். புத்தி இருந்தால் சொல்லியிருப்பேனா?

“காயலான் கடைக்குப் போட்டுடலாம் கயலு. பொங்கலுக்குள்ள ஷெட்டு காலியாவணும்.”

மாண்புமிகு கோகுலகிருஷ்ணன், இன்சுலேட்டரும் பொம்மையும் செய்கிற பீங்கான் கம்பெனி முதலாளி. அப்பா போனதும் ஆர்.சி. புத்தகம் தானாக மகன் பேருக்குப் போனது. மகளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மகள் அவன் கம்பெனியில் இன்சுலேட்டரைத் தட்டிப் பார்த்து விரிசல் விட்டதை ஒதுக்கிவைக்கிற சம்பளக்காரி. பொங்கல் வரை விடு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நானே கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

“நீயா?” என்றான்.

அந்த ‘நீயா’வை அம்மியில் வைத்து அரைக்க வேண்டும்.

12 நவம்பர், ஞாயிறு

மெக்கானிக் நந்தகுமார் வந்தார். எண்பதில் வரும் சத்தத்தைக் கேட்க ஜங்ஷன் ரோடு வரை நாற்பதில் ஓட்டிவிட்டு, “நல்லாத்தானக்கா இருக்குது, நம்ம ரோடுதான் சரியில்ல” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் முறைத்ததும் வீல் பேரிங் என்றார். என் முறைப்பைப் பார்த்துப் பயந்து சொன்ன பேரிங் அது.

19 நவம்பர்

பேரிங் மாற்றியாயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது. கழற்றிப் போட்ட பழைய பேரிங் புதியதைவிட நன்றாக இருக்கிறது.

21 நவம்பர்

அண்ணனின் சிநேகிதர் ஹமீத் பாய் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருக்கிறார். ஷெட்டுக்குள் வந்து பானட்டை இரண்டு தட்டு தட்டினார். “கியர் பாக்ஸு போயிடுச்சும்மா. அங்க இப்படித்தான் ஒரு வண்டி…” அங்கே அவர் இருந்தது செருப்புக் கடையில். அண்ணன் வேதவாக்கு மாதிரித் தலையாட்டிக்கொண்டு நின்றான். இரண்டு பேருக்கும் டீ கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

26 நவம்பர், ஞாயிறு

எவனும் வேண்டாம். நானே போனேன்.

எண்பதில் சத்தம் வந்ததும் கிளட்சை மிதித்து நியூட்ரலில் தள்ளினேன். எஞ்சின் அடங்கிவிட்டது, சத்தம் அடங்கவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை. மூன்றாவது கியரில் எண்பது, நான்காவதில் எண்பது — ஒரே சத்தம். ஹமீத் பாயின் கியர் பாக்ஸும் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் குரல் மாறவில்லை. பின்னச்சுப் பல்சக்கரம் என்றால் மாறியிருக்கும். முன் டயரைப் பின்னே மாற்றிப் போட்டும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகிற நீளக் குழாய், புரொப்பெல்லர் ஷாப்ட். சுற்றிக்கொண்டே இருப்பது அது. எங்கோ ஒரு பக்கம் எடை குறைந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். எண்பது வரை ஓட்டிப் பார்க்கிற தைரியம் வேண்டும். அது இந்த ஊர் ஆம்பிளைகளிடம் இல்லை.

29 நவம்பர்

கம்பெனி லாரிகளை அடியிலிருந்து ரிப்பேர் பார்க்கிற குழிமேல் வண்டியை நிறுத்தி அடியில் இறங்கினேன். “மானம் போவுது, ஏறி வா” என்று மேலே நின்று கத்தினான் அண்ணன். மானம் குழிக்குள் இறங்கினால் போய்விடுமா?

ஷாப்டில் புதுக் கறுப்புப் பெயிண்ட். அதைச் சுரண்டினால், கட்டைவிரல் அகலத்துக்குக் கிரைண்டர் பட்ட தழும்பு. அங்கே ஒரு சின்ன இரும்புத் தகடு பற்றவைத்திருக்க வேண்டும். எடை சமமாக இருப்பதற்காகவே வைப்பது. யாரோ வழித்து எடுத்திருக்கிறார்கள்!

கம்பெனியில் பிசிறு எடுக்கிற பாஞ்சாலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அச்சிலிருந்து வந்த பொம்மையில் துருத்திக்கொண்டு நிற்பதைச் சுரண்டுவதுதான் அவள் வேலை. அவள் கை பட்ட பொம்மையில் ஒரு கோடு இருக்காது.

“ஆமாக்கா. பூசைக்கு அடிபாகமெல்லாம் சுத்தம் பண்ணச் சொன்னாங்க மொதலாளி. ஒரு பிசிறு இருக்கக் கூடாதுன்னாங்க. ஒரு தகடு கோணலா ஒட்டிக்கினு இருந்துச்சு. நம்ம பொம்மைல இருந்தா வுடுவமா? தேச்சு எடுத்துட்டேன்.”

பாவம், அவளை என்ன சொல்ல? சாமி கும்பிடுவதற்காக வண்டியின் எலும்பைச் சீவச் சொன்ன மேதாவியைச் சொல்ல வேண்டும். சொன்னேன். “பாக்க அசிங்கமா இருந்தா எடுக்கத்தானே வேணும்?” என்கிறான். இருபது வருஷமாகப் பீங்கான் விற்கிறான். அவனுக்கு உலகமே பொம்மை.

3 டிசம்பர்

ஷாப்டை மெஷினில் போட்டுச் சரி பார்க்க மெட்ராஸ் போக வேண்டும். அதுவரைக்கும் ஒரு வழி தோன்றியது. ரேடியேட்டர் டியூபுக்குப் போடும் கிளிப் இரண்டு வாங்கி ஷாப்டைச் சுற்றி மாட்டினேன். கிளிப்பின் எடையெல்லாம் அதன் திருகுத் தலையில்தான். தலையைத் தழும்பின் மேல் வைத்தால் போன எடை திரும்பிவிடும். நந்தகுமார் பக்கத்தில் நின்று, “இதெல்லாம் நிக்குமாக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நின்றது. எண்பது, தொண்ணூறு, நூறு. காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. திருச்சி ரோட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் எழுதிவைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

10 டிசம்பர்

பெருமை பீற்றப் போய் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனேன். எண்பதில் கண்ணை மூடினான். சத்தம் வராததும் திறந்தான். திரும்பும்போது அவனே ஓட்டினான். வீட்டு வாசலில் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“நல்லா போவுதே கயலு! இனிமே நானே வெச்சுக்கறேன். எம் பேர்லதானே இருக்குது.”

கத்திக்கிட்டுக் கெடந்தப்ப காயலான் கடை. நான் படுத்து உருண்டு சரி பண்ணினா ஒடம்பொறந்தானோட வண்டி. த்தூ!

16 டிசம்பர்

நாளை ஹமீத் பாயை உட்கார வைத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் ஊர்வலம் போகப்போகிறாராம் முதலாளி.

சாயங்காலம் ஆட்கள் போன பிறகு குழியில் இறங்கினேன். இரண்டு கிளிப்பையும் தளர்த்தித் தலையைத் தழும்புக்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பி முடுக்கிவிட்டேன். பழையதைவிடக் கூடுதலாகவே கத்தும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. அவன் எண்பதில் நடுங்கி எழுபதுக்கு வந்துவிடுவான். அவனை எனக்குத் தெரியாதா?

வெட்கம் இருக்கிறதா? தேடிப் பார்த்தேன். இல்லை.

17 டிசம்பர், ஞாயிறு

இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டான். முகம் உர்ரென்று இருந்தது. சாவியை என் மடியில் போட்டான்.

“சனியன், மறுபடியும் கத்துது. இத வெச்சுக்கினு நான் மாரடிக்க முடியாது. நீயே வெச்சுக்க. உம் பேருக்கே மாத்திக் குடுத்துடறேன்.”

வாயைத் துணியால் மூடிக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடினேன். மடையன். முழு மடையன்.

4 ஜனவரி 2007

பேர் மாற்ற எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

7 ஜனவரி, ஞாயிறு

கையெழுத்து விழும்வரை வண்டியைத் தொடவில்லை. கிளிப்பை மறுபடி சரியான பக்கம் திருப்பலாம் என்று இன்றுதான் குழியில் இறங்கினேன்.

இரண்டு தலையும் தழும்பின் மேலேயே இருக்கின்றன. நான் வைத்த பக்கத்தில் இல்லை.

நேராக நந்தகுமாரிடம் போனேன்.

“ஆமாக்கா, ஹமீத் பாயோட போன அன்னிக்கு அண்ணன் வண்டிய இங்கதான் கொண்டாந்தாரு. கிளிப்பு எதிர்ப்பக்கம் திரும்பிக் கெடந்துச்சு. தானா திரும்பாதே, யாரோ திருப்பியிருக்காங்கன்னேன். குனிஞ்சு கிளிப்பப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. நான் சரி பண்ணிக் குடுத்தேன். மறுபடி உளுந்தூர்பேட்ட வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, சத்தமே இல்லன்னு சொல்லிட்டுத்தான் வூட்டுக்குப் போனாரு. சொல்லலியா உங்ககிட்ட?”

சொல்லவில்லை.

சத்தமில்லாத வண்டியில் வந்து இறங்கித்தான் சனியன் கத்துது என்றானா? அந்த உர்ரென்ற முகம்? சமையற்கட்டில் நான் சிரித்தபோது அவன் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

கேட்கலாமா? கேட்டால் உளறாதே என்பான்.

19 ஜனவரி

அண்ணனுக்குச் சேத்தியாத்தோப்பில் வேலை. பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பினான். ஏறு என்றேன். ஏறினான். நல்ல ரோடு வந்த இடத்தில் எண்பதைத் தொட்டேன். சத்தம் எங்கே போயிற்று என்று அவன் கேட்கவில்லை. இறங்கும்போது கதவை அறைந்து சாத்தினான்.

“மெதுவா சாத்த மாட்டியா, அறிவிருக்கா?” என்று கத்தினேன்.

“உன் வண்டிதானே” என்று சொல்லிவிட்டுப் போனான்.