விருந்தாளி வந்திருக்கேன்

அன்பு வாப்பா,

திருப்பாலைக்குடி மையவாடிக்கு வரும்போதெல்லாம் ஸலாம் சொல்லி, துஆ ஓதிவிட்டு ஓடிவிடுகிறேன். நீங்கள் அடங்கியிருக்கும் கப்ருக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரே படித்தாலும் பரவாயில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

உம்மா மவுத்தான வருடம், ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து வீட்டுச் சாவியைத் தங்கச்சி ராஹிலா கையில் வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? "இந்த வீட்ட ஒனக்கு ஹிபாவா குடுத்துட்டேன்மா. இனி இது ஓன் சொத்து" என்றீர்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, திரும்பி வந்து கதவைத் தட்டினீர்கள்.

"விருந்தாளி வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

ராஹிலா சிரித்துக்கொண்டே, "வாங்க வாப்பா" என்றாள். உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நான் கேலி செய்தேன். கொடுத்ததை முழுசாகக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தீர்கள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். "பத்திரம் எதுக்கு? நீயும் பக்கத்து வீட்டு மாமாவும் சாட்சி" என்றீர்கள். என்னை நம்பியதுதான் வாப்பா, நீங்கள் செய்த ஒரே தப்பு.

நீங்கள் மவுத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் பள்ளிவாசல் ஜமாஅத் தலைவர் சொத்துப் பேச்சை எடுத்தார். அதற்குள் மாமாவும் போய்ச் சேர்ந்திருந்தார். "வாப்பா யாருக்கும் ஹிபா கிபா குடுத்திருக்காகளா?" என்று கேட்டார்.

"எழுத்துல ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லையே என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சாட்சிக்கு வேறு யாரும் இல்லாத ராஹிலா, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று வீடு பிரிந்தது. என் பங்குக்கு வந்த முன்கட்டைப் பூட்டிவிட்டு நான் மஸ்கட்டுக்குப் போனேன். மூன்று வருடமாக அவள் தன் பின்கட்டுக்குக் கொல்லைச் சந்து வழியாகத்தான் போய்வருகிறாள். மழை பெய்தால் அங்கே முழங்கால் தண்ணீர்.

ஏன் செய்தேன்? தரைக்கு ஓடு பதித்தது என் சம்பளத்தில் என்ற திமிர். இத்தனைக்கும் என் மாமனார் தன் மகளுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்த வீட்டில்தான் நான் கால் நீட்டிப் படுக்கிறேன். வெட்கமாக இருக்கிறது வாப்பா.

போன வாரம் லீவில் வந்து முன்கட்டைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அலமாரியில் கிடந்த, நீங்கள் விரித்துத் தொழும் முஸல்லாவைக் கேட்டு ராஹிலா வந்தாள். படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"காக்கா, உள்ள வரலாமா?"

அவள் குத்திக்காட்டவில்லை. கூடப்பிறந்த காக்காவிடம் உண்மையாகவே அனுமதி கேட்டாள். நான் கூனிக்குறுகிப் போனேன்.

"இது ஓன் வீடு புள்ள" என்றேன்.

"அத அன்னைக்கிச் சொல்லியிருக்கலாம்ல காக்கா?" என்றாள். முஸல்லாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சந்து வழியாகவே போய்விட்டாள்.

அன்றே தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஜமாஅத்து முன்னாடி மறைச்சத ஜமாஅத்து முன்னாடியே சொல்லுங்க" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன். திங்கட்கிழமை பத்திர ஆபீசில் என் பங்கை ராஹிலாவுக்கே விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். இந்தத் தடவை எழுத்திலும் இருக்கும்.

ராஹிலா மன்னிப்பாளா, நீங்கள் மன்னிப்பீர்களா, தெரியாது. ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். முன்கட்டுச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவேன். திரும்பி வந்து கதவைத் தட்டுவேன். அவள் கூப்பிடும்வரை வெளியிலேயே நிற்பேன்.

உங்கள் மகன் காதர்,
ராஹிலா "வாங்க" என்று சொன்னால், அவள் வீட்டு விருந்தாளி.