அசதி என்று சொன்னேன்

2.11.2006, வியாழன்

சிக்குன்குனியா காய்ச்சல் விட்டு ஒரு மாதம். கம்பத்து டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். முடியவில்லை. நர்ஸிடம் 'டெபிலிட்டேட்டட்' என்றார். கூடலூர் பஸ்ஸில் இவர் கேட்டார்:

"என்னமோ இங்கிலீஷ்ல சொன்னாகளே, என்னது அது?"

"அசதியாம்."

பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் சொன்ன அர்த்தம்! வேறு என்ன சொல்ல? நான் படுத்துவிட்டால் மகள் உமாவைக் கல்லூரியிலிருந்து நிறுத்தி அடுப்படிக்குக் கொண்டுவந்துவிடுவார். போன வாரமே சொல்லிவிட்டார். தீபாவளிக்கு மதுரையிலிருந்து வந்தவளிடம்கூட நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

5.11.2006

திராட்சை வெட்டு. பந்தலுக்கடியில் நாத்தனார் பிச்சையம்மாள், எல்லார் முன்னாலும்:

"காச்சல் போயிருச்சு, எங்க மதினிக்கு அசதி மட்டும் போகமாட்டேங்குது. படிச்சவுக அசதியாச்சே!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தரியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலை வெட்டினேன்.

6.11.2006

சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

9.11.2006

டாக்டர் சொன்ன அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெறும் பலவீனம் இல்லை அது. பலவீனம் பிறவியிலேயே இருக்கலாம். இது அப்படியில்லை — முன்னால் ஒரு பலம் இருந்திருக்க வேண்டும், ஏதோ ஒன்று அதை உறிஞ்சியிருக்க வேண்டும். காய்ச்சல் மட்டும்தானா? இருபத்திரண்டு வருஷ அடுப்படியைக் கணக்கில் சேர்க்கலாமா?

12.11.2006

சோறு வடிக்கும்போது பானை நழுவிவிட்டது. கொதிகஞ்சி பாதத்தில். இவர் ஓடிவந்தார்.

"பாத்துச் செய்யக் கூடாதா? அசதிதான?"

என்னால் தாங்க முடியவில்லை. அசதி இல்லங்க, பொய் சொன்னேன், டாக்டர் சொன்னதுக்கு ஒடம்புல ஒண்ணுமே மிச்சமில்லன்னு அர்த்தம்...

"அப்ப உமாவ..."

"அவ வரக் கூடாது. அதுக்குத்தான பொய்யே சொன்னேன்."

இவர் என் காலில் தண்ணீர் ஊற்றினார். பிறகு தரையில் கிடந்த சோற்றை அள்ளினார்.

13.11.2006

காப்பி இவரே போட்டார், சீனி இல்லாமல். சாயங்காலம், "அந்த இங்கிலீஷ் வார்த்தைய இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

24.11.2006

உமா போன் செய்தாள். இவர் அடுப்படியிலிருந்து கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே போய் எடுத்தார்.

"ஒங்கம்மாவா? டெபிலிட்டேட்டடு, தாயி. அசதியெல்லாம் கெடையாது, சத்தே இல்ல... நீ எதுக்கு வர்ற? இங்கன நான் இருக்கேன்ல. பரீட்சைய எழுது."

அப்புறம் குரலைத் தாழ்த்தினார்: "ஏத்தா, ரசத்துக்குப் புளி எம்புட்டுப் போடணும்?"

பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன். புளி அளவை நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.