எதிரணி பெஞ்சில் உட்கார்ந்த ரெமிக்கு

அன்பு மகன் ரெமிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. எழுதுவது என்றால் வாயால்தான், இறால் குழம்புப் பானையில் கையைச் சுட்டுக்கொண்டதால் உன் தங்கை டெல்ஃபின் பேனாவைப் பிடித்திருக்கிறாள் (பேனாவை மட்டுமா அண்ணா, உன் அறையையும்தான்). லூசியானாவில் எல்லாரும் சுகம், கரும்பு வெட்டு தொடங்கிவிட்டதால் அப்பா லாரியிலேயே குடியிருக்கிறார். உன் சுகத்தைத்தான் டிவியில் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு ஃபுட்பால் ஆட்டத்தில், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்த அந்த மலைமாடு மாதிரி ஆளை நீ தலையால் முட்டிச் சாய்த்தபோது ஊரே குதித்தது. எழுந்து நேராக எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்தாயே, அப்போது ஊரே சிரித்தது. முடிவெட்டும் ஆல்சிட் மாமா, "உம்மவன் குறும்பு இன்னும் அடங்கல பாரு, எதிரிகிட்டயே தண்ணி கேக்குறான்!" என்று தொடையைத் தட்டினார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். நீ குறும்பு செய்தால் இடது புருவம் தானாக மேலே ஏறும். அன்றைக்கு ஹெல்மெட்டைக் கழற்றினாய், புருவம் ஏறவில்லை ராசா, கண் எங்கேயோ இருந்தது. போனில் கேட்டால் "சும்மா வெளையாட்டுக்கும்மா" என்றாய். விளையாட்டு உன் தொழில், அம்மாவிடம் எதற்கு அது (இந்த வரி என் கைங்கரியம்)? அதே போனில் என்ன சமையல் என்று திரும்பத் திரும்பக் கேட்டாய், நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தலையில் அடிபட்டுக் கலங்கிப்போனதை அணி டாக்டரிடம் சொன்னால், உனக்குப் பதிலாக ஆடக் காத்திருக்கும் அந்தப் புதுப் பையனை இறக்கிவிடுவார்கள், இடம் போய்விடும் என்று பயப்படுகிறாய். பாடுபட்டுப் பிடித்த இடம், எனக்கும் வலிக்காதா? ஆனால் இந்த அணி போனால் இன்னொரு அணி, இந்தத் தலை போனால் எந்தத் தலை? அப்பாவும் "டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லு" என்றுவிட்டு லாரி ஏறினார், சாப்பாட்டுத் தூக்கை மேஜையிலேயே மறந்துவிட்டார்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்கு உன் எண் போட்ட சட்டையை நான் போடப்போவதில்லை. நீலப் பூப்போட்ட கவுனை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். யாராவது கேட்டால், "எம்மவனுக்கு இன்னிக்கு ஓய்வு" என்பேன். தேவாலயத்தில் நின்று என்னைப் பொய் சொல்ல வைக்காதே கண்ணா. டாக்டரிடம் சொல்லிவிட்டு உடனே போன் பண்ணு. கர்த்தர் உன் தலைமேல் தம் கையை வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஒர்லீன்

(அண்ணா, என் சாமான்களை எடுத்துவிட்டேன். உன் கட்டில் காலி. டெல்ஃபின்.)