அப்பா வரமாட்டாரு

மாசி 12, புதன்.

அப்பா கடலோரத்தில் இறால் குளம் வெட்டும் பொக்லைன் ஓட்டுகிறார். அலையாத்தி மரங்களைப் பிடுங்கப் போனபோது, அந்த வேர்களுக்குள் கைவிட்டு நண்டு பிடிக்கிற பெண்கள் வண்டிமுன் உட்கார்ந்துவிட்டார்களாம். மனசு கேட்காமல் ஊருக்கு வந்துவிட்டார்.

இன்று மதியம் முதலாளி போன் செய்தார். "நான் வீட்டுல இல்லேன்னு சொல்லு தாயி" என்று அப்பா என்னிடம் நீட்டினார். வெளியாளிடம் எனக்குப் பேச்சே வராது.

"ஒங்கப்பன் எங்கம்மா? நாளைக்கு வந்து அந்த மரத்தைப் பிடுங்கச் சொல்லு."

"அப்பா வரமாட்டாரு. மரத்தைப் பிடுங்கவும் மாட்டாரு."

அம்மா தலையில் கை வைத்தாள். "வாயே தொறக்காதவ, இன்னைக்குத்தான் தொறக்கணுமா? இருந்த வேலையும் போச்சு."

அப்பா திட்டவில்லை. சாயங்காலம், வேலைக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்று கதவோரம் கட்டிவைத்திருந்த பையைத் திறந்து கைலியை மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டார். மற்ற துணிகள் உள்ளேயே இருக்கின்றன. நான் சொன்னது சரிதானா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.