எடை பார்க்காத பட்டாளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தப் பாலைவன வெயிலிலும் நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

போன மாதம் எங்கள் தொழிலாளர் கேம்பில் ஒரு படம் போட்டார்கள். யுத்த காலக் கதை. பட்டாளத்தில் சேரப் போன ஒல்லியான ஒருவனை எடை காணாது என்று திரும்பத் திரும்ப விரட்டுகிறார்கள். கடைசியில் ஊசி போட்டுப் பலசாலியாக்குகிறார்கள். என் அறையில் இருந்த, நம் பக்கத்து ஊர் அலுவிகாரை ரொமேஷ்தான் அதிகம் விசிலடித்தான். அவனும் ஈர்க்குச்சிதானே. "என்னையப் பாக்கிற மாதிரியே இருக்குடா" என்றான்.

அந்தக் கிழமையே ஓர் ஏஜென்ட் வந்தான். சண்டை நடக்கிற நாட்டில் சமையல் வேலை, நல்ல சம்பளம் என்றான். நான் எவ்வளவோ தடுத்தேன். "சமைக்கத்தானடா போறேன்" என்று சிரித்துவிட்டு ரொமேஷ் கிளம்பிப் போய்விட்டான்.

நேற்று பட்டாள உடுப்பில், தோளில் துவக்கோடு ஒரு போட்டோ அனுப்பினான். அதற்குப் பிறகு அவன் போன் வேலை செய்யவில்லை.

படத்தில் அந்த ஒல்லியனை ஒரு டாக்டராவது திருப்பி அனுப்பினார், அம்மா. இவனுடைய எடையை யாரும் பார்க்கவே இல்லை.

நான் போகமாட்டேன், பயப்படாதீர்கள். கோயிலில் அவன் மனைவி ஷியாமளாவைக் கண்டால் பேசுங்கள். போட்டோவைப் பற்றி மட்டும் வேண்டாம், அதை நானே சொல்கிறேன்.

மிளகாய்த்தூள் இனி ஓர் ஆளுக்கு அனுப்பினால் போதும். இல்லை, வழக்கம்போல இரண்டு பேருக்கே அனுப்புங்கள்.

வேலைக்கு பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
அருள்மணி