மனஸ்தாபப்பட்ட கடவுள்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

இன்று எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் யோனா தீர்க்கதரிசியைப் பற்றி நான்தான் பேசினேன். பிரமாதமாகப் பேசினேன். அவரை விழுங்கிய மீனைக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் நீட்டினேன். ராயபுரத்துச் சனம் வாயைப் பிளந்து கேட்டது.

அப்போது தம்பி சாமுவேல் வந்து கதவோரம் உட்கார்ந்தான். அவன் குடியால் எங்களுக்குள் பேச்சே நின்றிருந்தது. குடியை விட்டபின் இன்றுதான் என் வாசலை மிதிக்கிறான். அவனைக் கண்டதும் எனக்கு வேகம் கூடிவிட்டது. அழியப்போகிறது என்று யோனா எச்சரித்த நினிவே ஊரார் மனம் திரும்பினார்கள், கடவுள் மனஸ்தாபப்பட்டார் என்ற இடத்தில் வேதத்தை மூடிவிட்டு விளக்கம் கொடுத்தேன்.

"மனசு திரும்பிட்டா ஆச்சா? கடவுளுக்கே மனஸ்தாபம்பா! பேச்சுவார்த்தையே கெடையாது. ஊரையே கவுத்துட்டாரு!"

சாமுவேல் எழுந்தான். "வரேண்ணா," என்று போய்விட்டான். டீயைத் தொடவில்லை.

எல்லோரும் போனதும் என் மனைவி கிரேசி பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா உளர்ன? மனஸ்தாபப்பட்டாருன்னா மனசு எறங்கி வுட்டுட்டாருன்னு அர்த்தம். ஊரு அழியவே இல்ல. அதுக்குத்தான் யோனா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு குந்தியிருந்தாரு, உன்னாட்டம்."

எடுத்துப் படித்தேன். அவள் சொன்னதுதான் சரி.

சாமுவேலுக்குப் போன் போட்டேன். மறுபடி குடிக்கக் கடைக்குப் போயிருப்பானோ என்று பயம். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"சாப்ட்டியாடா?"

"ஆச்சிண்ணா."

அவன் வைக்கவில்லை, காத்திருந்தான். பேச்சுக்குப் பேர்போன நான், மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் "இன்னா கொழம்பு?" என்று கேட்டேன். கடைசியில் என் போனில் சார்ஜ்தான் தீர்ந்தது.