பறிக்காம விட்ட சுக்கினி

அக்கா,

அப்பா பேச்சை மீறி மாமாவைக் கட்டிக்கிட்டு நீ போறதுக்கு முன்னாடி நட்ட சுக்கினிச் செடி நல்லாவே காய்ச்சுது. காலேஜை விட்டுட்டு வெட்டியா இருக்கேன்னு அப்பா அதை என் தலையில கட்டிட்டார். தினமும் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கறப்பவே பறிச்சேன்.

ஒரு காயை மட்டும் அப்பா தொட விடலை. "நட்டவ வந்து பறிப்பா, நீ உன் வேலையைப் பாருடா"ங்கிறார். உன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு கத்தின அதே வாய்தான்.

இப்ப அது என் முழங்கை நீளம். முத்தின காயை விட்டு வெச்சா செடி புதுசா காய்க்காதுன்னு சொல்லிப் பார்த்தேன். "காய்க்காட்டி போகட்டும்"னுட்டார். மண்ணு பட்டு அழுகிடக் கூடாதுன்னு அடியில பலகை வேற.

மாமாவையும் கூட்டிட்டு சீக்கிரம் வா. அப்பா கத்தியைத் தீட்டி வெச்சிருக்கார். பயப்படாதே, காய்க்குத்தான்.

உன் வெட்டித் தம்பி